நிலம் பாடியவர் நாம். நிலம் எழுதியவர் யார்?

நிலத்தை ஐந்தாகப் பகுத்து அதற்கொப்ப வாழ்வையும் வகுத்துக்கொண்ட இனம் தமிழினமே என்று முழங்காத தமிழ்ச்சங்க மேடையை நான் கண்டதில்லை. குறிஞ்சி என்றதும் தேனும் தினையும் வந்து நிற்கும். முல்லை என்றதும் ஆநிரை வீடு திரும்பும். உடனே கையொலி எழும். அம்மேடைக்குப் பின்னே தொங்கும் பதாகையைச் சற்றே ஏறிட்டு நோக்குங்கள். பனி மூடிய ஐரோப்பிய மலையொன்று, ஊசியிலை மரங்கள், நீல ஏரி. விழா மலர்களின் அட்டைகளிலும் பல வேளைகளில் அதுவே. வாழ்நாளில் ஒரு நாளேனும் பனியை மிதித்தறியாத நாம், நம் திணைப் பெருமையைச் சுவிட்சர்லாந்தின் மடியில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். இதனை நகைத்துவிட்டு நகர என்னால் இயலவில்லை. நிலத்தைப் பாடுவதில் நிகரற்று விளங்கிய நாம், அதே நிலத்தின் முன் அமர்ந்து வண்ணத்தால் எழுதும் கலைஞனுக்குத் திண்ணையளவு இடமும் ஒதுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. 'எழுதுதல்' என்னும் சொல்லை ஓவியத்துக்கும் உரியதாக வழங்கிய மொழி நம்முடையது. அச்சொல்லில் ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை உதறிவிட்டோம்.

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தையே எடுத்துக்கொள்வோம். வெதுரு என்பது தெலுங்கில் மூங்கில். சங்கப் பாடல்களைப் பயின்றோர் 'வெதிர்' என்னும் சொல்லை மறந்திருக்கமாட்டார்கள், அதுவும் மூங்கிலே. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோப்புகள் அலுவலகம் விட்டு அலுவலகம் மாறின. மூங்கிலின் பெயர் மாறவில்லை. கள்வர் கோமான் புல்லி ஆண்ட வேங்கட நாட்டின் தென்புறச் சரிவில் இருக்கிறோம் நாம். பேருந்தில் ஒரு மணி நேரம் சென்றால் குன்றும் காடும், ஏரிப் பாசனத்து நெல்லும் கரும்பும், மானாவாரி வேர்க்கடலையும், மாந்தோப்பும் அடுத்தடுத்து வரும். நெய்தல் ஒன்றே குறை. சித்திரை வைகாசியில் அக்குன்றும் காடும் காய்ந்து திரிந்து பாலையாகும் காட்சி, இளங்கோவடிகள் சொன்னதற்கு உரை எழுதியதுபோல் கண்முன் நிற்கும்.

கீழ்த்திசையில் நகரி மலை. அதன் செங்குத்து முகட்டை 'நகரி மூக்கு' என்று பெயரிட்டுக் கடலில் வந்த மாலுமிகள் அடையாளமாகக் கொண்டனர். வடக்கே திருமலை மலைப்பாதையில் கீழிருக்கும் பழம்பாறைக்கும் அதன் மேல் படிந்த படிகக்கல்லுக்கும் இடையே எண்பது கோடி ஆண்டு இடைவெளி உண்டென்று நிலவியலார் கணித்துள்ளனர். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நாள்தோறும் பல்லாயிரவர் மலையேறுகின்றனர். எத்தனை பேர் கண்டிருப்பர்? இவ்வளவும் வாசலில் கிடக்க, இவற்றை எழுதிய ஓர் ஓவியம் நம் வீடுகளில் ஒன்றிலேனும் தொங்குகிறதா?

"காலையில் குடையும் பெட்டியும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் உட்காருவது ஒரு வேலையா?" என்று கேட்போர் நம்முள் பலர். அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலிக்காரர் இதனைக் கேட்டபோது நான் வாளாவிருக்கவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன்.

நீர்வண்ணத்தில் எழுதுவோன் முந்தைய இரவே தாளை நனைத்துப் பலகையில் பரப்பி, நாற்புறமும் பசைநாடா ஒட்டி உலரவிட வேண்டும். உலர்ந்த தாள் பறைத்தோல்போல் விறைத்து நிற்கும்; இன்றேல் முதல் நீர்ப்பூச்சிலேயே சுருங்கி மேடுபள்ளம் ஆகும். பொழுது புலருமுன் அவன் இடத்தில் இருக்க வேண்டும். நம் வெயிலில் எட்டு மணிக்குமேல் ஈரப்பூச்சு, தூரிகை தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதற்குள் உலர்ந்து விளிம்பு கட்டிவிடுகிறது. இங்கிலாந்தின் ஈரக்காற்றை எண்ணி எழுதப்பட்ட பாடநூல்கள் இதற்கு வழி சொல்வதில்லை. அவனே தாளின் அடிப்புறத்தை ஈரமாக வைத்தும் பூச்சுகளைக் குறைத்தும் கற்றுக்கொள்கிறான். கதிரவன் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறான். இரண்டு மணி நேரத்தில் பாறையின் நிழல் இடம் மாறிவிடும். அப்போது தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மறுநாள் அதே நேரத்துக்கு வர வேண்டும். மறுநாள் மேகம் மூடினால் அதற்கடுத்த நாள். நம் வருகைப் பதிவேடு பத்து மணித்துளி பொறுக்கும், கதிரவன் பொறுப்பதில்லை. இது வேலை இல்லை என்றால் நாம் பார்ப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். நண்பர் தேநீர் அருந்தச் சென்றுவிட்டார்.

தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரியும் என்பது ஐரோப்பிய விதி. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து காற்று கழுவப்பட்டிருக்கும் நாளில் இங்கும் அது மெய். கோடையில் பொய். புழுதி நிறைந்த காற்றில் தொலைமலை வெளிறிய மஞ்சளாகவும், சில நாள் வானத்தோடு கரைந்து இல்லாததாகவும் ஆகிவிடும். இதனை எந்த நூலும் இங்குள்ளவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஆண்டு முழுதும் அங்கேயே கிடப்பவன் மட்டுமே அறிவான். பெரும்பொழுது, சிறுபொழுது என்று தொல்காப்பியர் வகுத்ததை நாம் தேர்வுக்காக உருப்போட்டோம். அவற்றை உடம்பால் பயில்பவன் இவன் ஒருவனே.

இனி, ஊர்ப்புறத்தில் அவனுக்கு ஒரு பணிக்கூடம் எதற்கு? நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு விடுமுறையில் வந்து வரைந்து போகலாமே என்பார்கள். எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் ஆகும். தடித்துப் பூசினால் வாரங்கள். பெரிய கித்தானை வெட்டவெளிக் காற்றில் நிறுத்த முடியாது, பாய்மரம்போல் பறக்கும். ஆகவே வெளியில் எழுதிய சிறு படங்களைக் கொண்டுவந்து உள்ளே பெரும்படமாக வளர்க்க வேண்டும். ஐயம் எழும்போது கதவைத் திறந்துகொண்டு மீண்டும் மலையிடம் சென்று கேட்க வேண்டும். கேட்கும் தொலைவில் மலை இருக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் செசான் 1902இல் தம் ஊராகிய எக்ஸ் நகர்க்கு வெளியே ஒரு மேட்டில் பணிக்கூடம் கட்டிக்கொண்டது இதற்காகத்தான். ஒரே மலையைத் திரும்பத் திரும்ப எழுதினார். 1906 அக்டோபரில் வெளியே எழுதிக்கொண்டிருந்தபோது பெருமழையில் சிக்கி நோயுற்றுச் சில நாட்களில் இறந்தார். அவரைச் சோம்பேறி என்று அந்நாட்டார் சொல்வதில்லை.

பணிக்கூடத்துக்கு வடக்குச் சன்னலே சிறந்தது, நேர்வெயில் உள்ளே வராது என்பதும் ஐரோப்பா தந்த பாடம். நாம் இருப்பதோ வடக்கே பதின்மூன்றரைப் பாகைக்கு அருகில். சித்திரை நடுவிலிருந்து ஆடி இறுதி வரை நண்பகற் கதிரவன் நமக்கு வடக்கே நிற்கிறான். அந்நான்கு திங்களும் வடக்குச் சன்னல்தான் வெயில் வாங்கும். ஆழ்ந்த தாழ்வாரமோ திரையோ இன்றி இங்கே பணிக்கூடம் கட்டுபவன் ஏமாறுவான். கரையானும் மழைக்காலப் பூசணமும் வேறு. நம் மண்ணுக்கேற்ற பணிக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவும் நமக்கு நேரமிருந்ததில்லை. எண்ணுவதற்குரிய ஓவியனை நாம் இங்கே வாழவிட்டால் அல்லவா!

அவன் எப்படி வாழ்வான்? ஊரில் நிலக்காட்சி வாங்குவார் இல்லை. முன்னெல்லாம் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியேனும் அடுப்பெரித்தான். நெகிழித் துணியில் அச்சிடும் இயந்திரம் வந்தபின் அதுவும் ஒடுங்கியது. நாம் மேடையில் கட்டிய சுவிட்சர்லாந்துப் பதாகை அந்த இயந்திரத்தின் குழந்தைதான்.

கையில் நிழற்படக் கருவியோடு கூடிய தொலைபேசி இருக்க ஓவியன் எதற்கு என்பது அடுத்த வாதம். அக்கருவியின் அகன்ற கண்ணாடி அருகிலுள்ள வரப்பைப் பெரிதாக்கி நகரி மலையைக் கரையான் புற்றாகச் சுருக்குவதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நம் கண் மலையை அவ்வாறு காண்பதில்லை. மேலும், நிழற்படம் ஒரு நொடியின் நூற்றிலொரு கூறு; ஓவியமோ நான்கைந்து விடியல்களின் திரட்டு. நிழற்படக் கலையைத் தாழ்த்த நான் வரவில்லை. அதற்கும் பெருங்கலைஞர் உண்டு. ஆனால் ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றது வேண்டா என்போர், உரைநடை வந்தபின் செய்யுள் எதற்கு என்று ஏன் கேட்பதில்லை?

புலவர் பெருமக்களிடமிருந்து வரும் மறுப்பு இவற்றினும் நுட்பமானது. திணை என்பது ஒழுக்கம். முதல், கரு, உரி மூன்றனுள் உரிப்பொருளே சிறந்தது. நிலத்தைத் தனியே எடுத்து எழுதுவது உயிரை விட்டு உடலை எழுதுவதாகும் என்பர். உரிப்பொருள் சிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நிலமும் பொழுதும் இன்றி அது காலூன்ற இடமேது? தொல்காப்பியர் அவ்விரண்டுக்கும் 'முதல்' என்று பெயர் வைத்தது அணிக்காகவா? காதலர் இருவரையும் காட்டாமல், கார்காலத்து மாலையில் ஒற்றையடிப்பாதை ஒன்றை மட்டும் ஓவியன் எழுதிக் காட்டட்டும். பார்ப்பவர் நெஞ்சில் காத்திருத்தல் தானே எழும். சங்கப் புலவன் செய்த வேலை அதுதானே? திணையைப் பாடநூல் அட்டவணையாக்கிப் பூவுக்குப் பூ, பறவைக்குப் பறவை என்று கட்டம் கட்டி நிரப்பியவர்கள் நாம். மலையை நேரில் பார்த்துக்கொண்டிருப்பவனிடம் உடல் உயிர் என்று வழக்காடும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

தமிழர் ஓவிய மரபில் நிலக்காட்சியே இல்லை என்பதும் முழுதும் மெய்யன்று. பரிபாடல் காட்டும் திருப்பரங்குன்றத்து ஓவியங்களில் காமனும் இரதியும் அகலிகையுமே பேசப்படுகின்றனர் என்பது உண்மை. ஆனால் சித்தன்னவாசல் குகையின் விதானத்தை நினைவுகூருங்கள். தாமரைக்குளம், மீன்கள், வாத்துகள், யானை, எருமை, பூக்கொய்யும் மாந்தர். அது சமணச் சமயக் கருத்தின் வெளிப்பாடு என்று அறிஞர் சொல்வது சரியே. எனினும் இலையின் மடிப்பையும் மொட்டு சாயும் விதத்தையும் எழுதியவன் புதுக்கோட்டைச் சீமையின் ஏதோவொரு குளக்கரையில் நெடுநேரம் அமர்ந்திருந்தவன் என்பதை அக்கோடுகள் மறைக்கவில்லை. நம் பக்கத்துக் காளத்தியில் கடுக்காயும் படிகாரமும் இரும்புக்கருப்பும் கொண்டு கலங்காரி எழுதுவோர் உளர். அவர் துணியில் மரமும் கொடியும் உண்டு. ஆனால் அவை புராணத்து மரங்கள். சுவர்ணமுகிக் கரை மரங்கள் அல்ல.

இரவிவர்மாவின் அச்சுப்படங்கள் நம் பூசையறைகளில் நூறாண்டுக்கு மேலாக இருக்கின்றன. அவருடைய தம்பி இராசராசவர்மாவை அறிந்தோர் எத்தனை பேர்? 1860இல் பிறந்து 1905இல் மறைந்த அவர் நிலக்காட்சி எழுதுவதில் தேர்ந்தவர். தமையனாரின் படங்கள் பலவற்றில் பின்னே தெரியும் நிலமும் நீரும் எழுதுவதில் அவர் கை இருந்தது. தெய்வத்துக்குப் பின்னே நிலம்; புகழுக்குப் பின்னே நிலத்தை எழுதியவன். நம் மனப்போக்குக்கு இதனினும் பொருத்தமான படம் வேண்டுமா? அயல்நாட்டார் அவ்வாறிருக்கவில்லை. தாமசு தானியல், வில்லியம் தானியல் என்னும் இருவர் 1792, 1793ஆம் ஆண்டுகளில் தென்னகம் சுற்றி, குற்றாலத்தையும் பாபநாசம் அருவியையும் மதுரையையும் எழுதிச் சென்று இலண்டனில் அச்சிட்டனர். நம் அருவியை நாம் அவர்கள் ஏட்டில் பார்க்கிறோம்.

இனி நம் காலத்து மனிதர் ஒருவர். கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே நிலக்காட்சி எழுதத் தொடங்கியவர். தென்னையும் நீர்க்காலும் சூழ்ந்த கேரளத்துச் சிற்றூரே அவருடைய முதற் பாடசாலை. பதினேழு வயதில் சென்னைக் கண்காட்சிகளில் அவர் படம் இடம்பெற்றது. குடும்பச் சுமையால் கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். மைய அரசின் எழுத்தனாகிய எனக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நாற்காலி நிரந்தரமானது என்று நம்மைப்போல் அவர் அதனோடு ஒட்டிக்கொள்ளவில்லை. இருபத்தைந்தாம் வயதில், 1936இல், சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். உழைப்பாளர் சிலை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அப்போது பள்ளித் தலைவர். 1957இல் அப்பொறுப்பு பணிக்கரிடமே வந்தது.

தம் மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறியதும் வயிற்றுக்காக ஏதோவொரு வேலையில் விழுந்து தூரிகையை மறப்பதை அவர் கண்டார். பிறர் கண்ணீர் விட்டிருப்பர், தீர்மானம் நிறைவேற்றியிருப்பர். அவர் கணக்குப் போட்டார். ஓவியர்கள் ஒன்றுகூடிப் பட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்றனர். அப்பணத்தில் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில், மணலும் சவுக்கும் அன்றி வேறொன்றும் இல்லாத இடத்தில் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அரசு கட்டித் தந்ததன்று. செல்வர் அளித்த கொடையுமன்று. ஒரு பொழுது கைத்தொழில், மறுபொழுது கலை என்று உழைத்தவர்கள் எழுப்பிய ஊர் அது. பெங்களூர்ப் புறத்தே தாதகுணியில் பெரும் தோட்டத்தின் நடுவே வாழ்ந்து ஓவியம் எழுதிய சுவெதொசுலாவ் ரோரிக்கைக் காட்டி, ஊர்ப்புற ஓவிய வாழ்வு பெருஞ்செல்வர்க்கே ஆகும் என்போர்க்கு இஞ்சம்பாக்கமே விடை.

இவ்விடத்தில் ஒரு குறுக்குக் கேள்வி எழும். பணிக்கரே 1960களில் நிலக்காட்சியை விட்டுச் சொல்லும் குறியும் நிறைந்த வேறுவகை ஓவியத்துக்குச் சென்றுவிட்டாரே, அவரை ஏன் சான்றுக்கு அழைக்கிறாய் என்று. ஆம், சென்றார். முப்பதாண்டுக்கு மேல் நிலத்தைப் பார்த்தபின் சென்றார். கீரனூரில் பிறந்த ஆதிமூலம் கருங்கோட்டில் காந்தியடிகளை எழுதிப் பெயர் பெற்றபின் வண்ணத்துக்கு வந்தார். உருவம் எல்லாம் உதிர்ந்த அப்பரப்புகளிலும் நிலமே எஞ்சி நின்றது. பார்த்தவன் விட்டுச் செல்வது ஒன்று. பாராமலேயே வேண்டா என்பது வேறு. நம்மவர் இரண்டாம் வகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணிக்கர் 1977இல் மறைந்தார். அவர் நகரத்தை விட்டு விலகிச் சென்றார். நகரமோ அவரூரைத் தேடிச் சென்று சூழ்ந்துகொண்டது. 2009இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2011இல் இஞ்சம்பாக்கம் மாநகராட்சிக்குள் வந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஊர்தி இரைச்சலுக்கு நடுவே அது இருக்கிறது. அன்று வாங்கியிராவிட்டால் அந்த நிலமும் இராது. நம் பக்கத்துக் குன்றுகளில் கருங்கல் வெட்டி எடுக்கப்படுவதைச் சாலையில் செல்வோர் அறிவர். குன்று அறுபட்டபின் அதன் சாயலை எழுதித் தா என்று எந்த ஓவியனிடம் போய் நிற்போம்? ஆவணத்துக்காகவே ஓவியம் என்று நான் சொல்லவில்லை. அது நில அளவைத் துறையின் பணி. ஆனால் ஒருவன் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய குன்றை வெடி வைக்க வருபவன், ஊராரின் முகத்தை நேராகப் பார்ப்பது சற்றே கடினமாகும்.

எனவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் விளம்பரப் பக்கங்களால் வரும் பணத்தில் பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். இளம் ஓவியர் ஒருவரை, அவர் பேசும் மொழி தமிழா தெலுங்கா என்று கேளாமல், ஐப்பசி தொடங்கித் தை முடிய வெதுருகுப்பத்தில் தங்கவையுங்கள். ஓடு வேய்ந்த அறை ஒன்று, கரையான் ஏறாத பலகை அடுக்கு, வடக்குச் சன்னலுக்கு ஒரு முரட்டுத் துணித்திரை, வேளைக்கு உணவு. வேறொன்றும் கேட்க வேண்டா. நம்மைப் புகழ்ந்து வரையச் சொல்ல வேண்டா. திருவள்ளுவரையும் தமிழ்த்தாயையும் வரையச் சொல்லவே வேண்டா. அவர் எழுதியவற்றுள் ஒன்று அடுத்த மலரின் அட்டையில் வரட்டும். அதன் கீழே எழுதியவர் பெயரும், எழுதிய இடமும் பொழுதும் அச்சாகட்டும்: வெதுருகுப்பம், கார்த்திகைத் திங்கள், காலை ஏழு மணி.